தழைத்தும் மலராத செடி

நந்தவனக் கைங்கர்யத்தில் ஈடுபட்டுள்ள அன்பர்களும், வீட்டுக் கொல்லையில் நாலு மல்லிகைப் பதியன் வைத்து அதில் பூப்பதைப் பெருமாளுக்கென்று தொடுத்துக் கொணரும் அம்மாமார்களும் சந்நிதியில் அடியேனிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "செடி நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்வாமி. பூச்சி இல்லை, வாடல் இல்லை. இலை கரும்பச்சையாய்ச் செழித்துக் கிடக்கிறது. ஆனால் ஒரு மொட்டுக்கூடக் காணோமே, என்ன தோஷம்?" என்பார்கள். நோயுற்ற செடி பூவாதிருந்தால் எவரும் ஐயுறுவதில்லை. ஆரோக்கியமான செடி பூவாதிருப்பதே மனத்தை உறுத்துகிறது.

இந்த உறுத்தலால் விளைவது என்ன? சிலர் இன்னும் ஒரு கூடை எருவைக் கொட்டுகிறார்கள். சிலர் ஜோஸ்யரிடம் போகிறார்கள். பூக்காத செடி வீட்டுக்காகாது என்று எவரோ சொல்லக் கேட்டு, ஐந்தாறு வருஷத்து வேரைக் கடப்பாரையால் பெயர்த்தெறிகிறவர்களும் உண்டு. அதனை 'மலட்டுச் செடி' என்று பெயரிட்டுப் பேசுவதையும் அடியேன் கேட்டிருக்கிறேன். செடிக்குப் பொருந்தாத சொல் அது. அருகில் நிற்கும் ஏதோவொரு பெண்மணியின் நெஞ்சிலும் அது முள்ளாய்த் தைக்கும். சந்நிதி வாசலில் அச்சொல் வேண்டாம். செடிகள் இவ்வாறு ஒவ்வொன்றாய்ப் போனபின், பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் தம் கையாலேயே வளர்த்துச் செய்த கைங்கர்யத்தை நாம் கடைப்பூவை முழம் போட்டு வாங்கி நிறைவேற்றுகிறோம். திருமலையில் அனந்தாழ்வான் உடையவர் நியமனத்தால் நந்தவனம் அமைத்தபோது முதலில் வெட்டியது ஏரி என்பதை நினைத்துப் பார்த்தால், தோட்டத்திற்குத் தேவை பக்தி மட்டுமன்று, மண்ணும் நீரும் அறிந்த புத்தியும்தான் என்பது விளங்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். மொட்டே வைக்காதிருப்பது வேறு. மொட்டு வைத்து அது மலராமல் போவது வேறு. மல்லிகையில் கொசுவினும் சிறிய ஓர் ஈ மொட்டில் முட்டையிடும். புழு வெளிவந்ததும் மொட்டின் அடி வீங்கி, ஊதா நிறம் பாய்ந்து, காய்ந்து உதிரும். மொட்டுப்புழு என்பது வேறொன்று. அது மொட்டைத் துளைத்து உள்ளிருந்து தின்னும், நூலால் மொட்டுகளைப் பிணைக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி பற்றினாலும் மொட்டு கழன்று விழும். இவையெல்லாம் பூச்சியின் வேலை. காலையில் செடியடியில் குனிந்து பார்த்து, உதிர்ந்த மொட்டுகள் கிடந்தால் வைத்தியம் அந்த வழியில் செல்லட்டும். ஒன்றுமே கிடக்கவில்லை, நுனியில் இலைமேல் இலையாகவே வருகிறது என்றால், மேலே சொல்லப் போவது அதைப் பற்றித்தான்.

நம் முன்னோர் இக்கேள்வியை அறியாதவரல்லர். ஸம்ஸ்க்ருத காவ்யங்களில் 'தோஹதம்' என்றொரு சொல் வரும். கர்ப்பவதிக்கு உண்டாகும் மசக்கை விருப்பத்திற்குரிய சொல் அது. பூக்கும் பருவத்தில் மரத்திற்கும் அத்தகைய விருப்பம் உண்டு, அதை நிறைவேற்றினால்தான் பூக்கும் என்பது கவிகளின் மரபு. அசோகத்திற்குப் பெண்ணின் பாதம் படவேண்டும். மகிழத்திற்கு வாயிலிருந்து உமிழ்ந்த மது வேண்டும். குரவத்திற்கு ஆலிங்கனம், திலகத்திற்குக் கடைக்கண் பார்வை என்று வரிசையாகச் சொல்வர். காளிதாஸனின் மாளவிகாக்நிமித்ர நாடகத்தின் கதையே இதைப் பற்றிக்கொண்டுதான் நகர்கிறது. அரண்மனைத் தோட்டத்து அசோகம் நன்கு வளர்ந்தும் பூக்கவில்லை. அதனை உதைக்க வேண்டிய பட்டத்தரசி தாரிணி ஊஞ்சலிலிருந்து விழுந்து காலில் அடிபட்டிருக்கிறாள். தனக்கு மாற்றாக மாளவிகையை அனுப்பி, ஐந்து இரவுகளுக்குள் மரம் பூத்தால் உன் விருப்பத்தை நிறைவேற்றுவேன் என்று வாக்களிக்கிறாள். மரம் பூக்கிறது. (இங்கே அசோகம் என்பது சிவந்த கொத்துப் பூ உடைய மெய்யான அசோகம். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசல்களில் ஈட்டிபோல் நெட்டையாய் நிற்பது நெட்டிலிங்கம். அதை அசோகம் என்றழைத்து அதன் பூவுக்காகக் காத்திருப்பது வீண்.)

இது கவி ஸமயம், சாஸ்திரமன்று. ஆயினும் இதிலொரு நுட்பம் இருக்கிறது. அந்த அசோகம் நோயுற்றதாகக் காளிதாஸன் சொல்லவில்லை. நன்கு வளர்ந்த மரம், உரிய பருவம், ஆனால் பூவில்லை. அதற்குப் போஷாக்கு இன்னும் கொடு என்று எவரும் அந்நாடகத்தில் சொல்லவில்லை. ஓர் அதிர்ச்சி கொடு என்கிறார்கள். காய்க்காத முருங்கையைத் துடைப்பத்தால் அடிக்கும் நம் கிராமத்துக் கிழவியும் அதையேதான் செய்கிறாள். பட்டையில் காயம் பட்டால் இலையில் விளைந்த சர்க்கரை வேருக்கு இறங்குவது ஓரளவு தடைப்பட்டுக் கிளையிலேயே தங்கும். அதனால் சில மரங்கள் பூப்பது மெய்யே. மல்லிகை போன்ற சிறு செடியை அடிக்க வேண்டியதில்லை. அதற்குரிய அதிர்ச்சி வேறு, பின்னர் சொல்கிறேன்.

வராஹமிஹிரரின் ப்ருஹத் ஸம்ஹிதையில் வ்ருக்ஷாயுர்வேத அத்யாயம் ஒன்று உண்டு. பலன் அற்றுப்போன மரத்திற்குக் கொள், உளுந்து, பயறு, எள், யவம் இவற்றைச் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றும்படி அதில் விதி இருக்கிறது. ஸுரபாலர் இயற்றிய வ்ருக்ஷாயுர்வேதம் என்னும் தனி நூலின் சுவடி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்து, 1996-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் நம் நாட்டில் அச்சேறியது. அதில் வரும் குணபஜலத்தைப் பற்றி இப்போது பலர் ஆர்வத்துடன் பேசுகிறார்கள். அது மாமிசமும் கொழுப்பும் ஊறவைத்துச் செய்வது, நந்தவனத்திற்கு ஆகாது. பச்சிலையால் செய்யும் மாற்றுமுறை ஒன்றும் வழக்கில் வந்துள்ளது. ஆனால் எதுவாயினும் அது மெலிந்த செடிக்கு வலுவூட்டும் ஊட்டமே. ஏற்கெனவே கொழுத்து நிற்கும் செடிக்கு அதை ஊற்றுவது, அஜீர்ணக்காரனுக்கு அக்காரவடிசில் பரிமாறுவது போலாகும்.

விக்கிரவாண்டிப் பகுதியில் இந்தத் தவறு நேர ஒரு தனிக் காரணமும் உண்டென்பது அடியேன் எண்ணம். இது கரும்பு விளையும் பூமி. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டிப் பழகிய கைக்கு, தழைச்சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கொடுப்பதே வேளாண்மை. கரும்பில் அது சரி. கரும்பு பூத்தால் வளர்ச்சி நின்று, தண்டு சக்கையாகி, சர்க்கரையும் குறையும். ஆகவே பூக்காத கரும்பே நல்ல கரும்பு. தழைச்சத்து நிறைய இட்டால் பூப்பது குறையும் என்பதைக் கரும்பு விவசாயி ஒரு நன்மையாகவே அறிந்திருக்கிறார். அதே கை, அதே யூரியா, அதே பாய்ச்சல் மல்லிகைக்கு வந்தால், கரும்புக்கு நன்மையாயிருந்தது இங்கே குறையாகிறது. செடி சொன்னபடி கேட்டிருக்கிறது. நாம்தான் அதனிடம் இலையைக் கேட்டிருக்கிறோம்.

1918-இல் அமெரிக்காவில் க்ராஸ், க்ரேபில் என்ற இருவர் தக்காளிச் செடிகளைக் கொண்டு இதனைச் சோதித்து எழுதினார்கள். தழைச்சத்து மிகுதியாய்க் கிடைத்த செடிகள் தழைத்தே நின்றன, காய்க்கவில்லை. தழைச்சத்து அளவாயிருந்து, உடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்திருந்த செடிகளே காய்த்தன. இவ்விரண்டின் விகிதம் ஒன்றே பூப்பதை நிர்ணயிக்கும் என்று பின்வந்தோர் ஒப்பவில்லை. விஷயம் அதைவிடச் சிக்கலானது. எனினும் தோட்டக்காரனுக்கு அப்பாடம் இன்றும் போதுமானது.

குண்டுமல்லிக்கு வேளாண் துறையினர் சொல்லும் அளவைப் பாருங்கள். வளர்ந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராம். இதை இரு பாகமாக்கிக் கவாத்து முடிந்தபின் ஒரு பாகமும் ஆனி ஆடியில் ஒரு பாகமும் இடவேண்டும். மற்ற இரண்டும் தழைச்சத்தைப் போல் இரு மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கடைச்சரக்கில் சொன்னால் ஆண்டு முழுமைக்கும் யூரியா சுமார் 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இப்போது நம் வழக்கத்தை இதனுடன் ஒப்பிடுவோம். கோசாலை உள்ள இடங்களில் மாதம் ஒரு கூடை சாணம் போடுகிறோம். கூடைக்கு 15 கிலோ என்றால் ஆண்டுக்கு 180 கிலோ. தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து என்று கொண்டால் 900 கிராம்! எல்லாம் ஒரே ஆண்டில் கரைந்துவிடாது என்றாலும், கணக்கு எங்கே போகிறதென்று தெரிகிறதல்லவா? இதன்மேல் மடைப்பள்ளியில் அரிசி களைந்த நீரும் திருமஞ்சன தீர்த்தமும் நாள்தோறும் அதே பாத்தியில் பாய்ந்தால், செடிக்குப் பூக்க வேண்டிய அவசரம் எதுவுமில்லை.

நாட்டுவழி மாற்று வேண்டுவோர்க்கு: விறகடுப்பில் தளிகை நடக்கும் சந்நிதிகளில் அடுப்புச் சாம்பல் இருக்கிறது, அதில் சாம்பல் சத்து உண்டு. செடிக்கு ஒரு கைப்பிடி, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சாம்பலைக் குவித்தால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் போய், தளிர் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளுக்கும். எலும்புத் தூளை நந்தவனத்தில் சேர்க்க மனம் ஒப்பாதவர்கள் பாறையைப் பொடித்துச் செய்த ராக் பாஸ்பேட்டை எருவுடன் கலந்து மணிச்சத்துக்குப் பயன்படுத்தலாம்.

அடுத்தது கத்தரி. குண்டுமல்லி புதிதாய்த் துளிர்த்த கிளையில்தான் பூக்கும். பழங்கிளைகளை அப்படியே விட்டால் புதர் பெரிதாகும், பூ குறையும். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டமாக வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் சில நாள் தண்ணீரையும் நிறுத்த வேண்டும். இதுதான் மல்லிகைக்குரிய அதிர்ச்சி. மாளவிகையின் பாதத்திற்குப் பதில் கவாத்துக் கத்தரி. முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் காலம் வேறு: தை நடுவில், ஜனவரி கடைசி வாரத்தில், 45 சென்டிமீட்டரில். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு ஒன்று பூத்தது, மற்றவை ஏன் பூக்கவில்லை என்று வியப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

நவம்பர் இறுதி என்பது நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையின் நடுக்காலம். 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய வருஷத்தில் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டக்கூடாது. நீர் வடிந்து, மண் மிதிக்கத் தக்கதாய் ஆனபின் மார்கழிப் பிறப்பில் வெட்டினாலும் தாழ்வில்லை. பூ இரண்டு வாரம் பிந்தும், அவ்வளவே.

வெட்டாமலிருப்பதைவிடக் கேடு, ஓயாமல் வெட்டுவது. இட்லிப்பூ என்கிற வெட்சியில் இதைத் தெளிவாகக் காணலாம். அதன் கொத்து கிளை நுனியில் வருவது. வேலி அழகாயிருக்கட்டும் என்று மாதந்தோறும் சதுரமாகக் கத்தரித்தால், கொத்தாக வேண்டிய நுனி ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போகும். அப்புறம் செடியைக் குறை சொல்வது நியாயமன்று.

இனி வெயில். மல்லிகைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். "வெயில் நன்றாகப் படுகிறதே" என்று சித்திரை உத்ஸவத்தின்போது உச்சிவேளையில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றம். நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 12 பாகையில் இருக்கிறது. சித்திரை பத்தாம் நாளையொட்டிச் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்பதால் மதிலுக்கு உச்சிநிழலே இல்லை. மார்கழியில் அவன் தெற்கே சாய்ந்து, நண்பகலிலும் 54 பாகை உயரத்தில்தான் இருப்பான். தென்புறத்தில் பத்தடி மதில் இருந்தால் அதன் நிழல் உச்சிப்போதிலேயே ஏழடி வடக்கே விழும். காலை மாலை இன்னும் நீளும். கவாத்துக்குப் பின் புதுத் துளிர் வந்து மொட்டுக் கட்ட வேண்டிய மார்கழி, தை மாதங்களில் அந்த ஏழடிக்குள் நிற்கும் செடி நிழலிலேயே காலம் கழிக்கிறது; இலை பெரிதாகும், கணு நீளும், மொட்டு இராது. மதிலையொட்டி மண்டபம் எழுப்பியபின் பூ குறைந்தது என்று சொல்பவர்கள் தையில் ஒருநாள் நண்பகல் நிழலின் எல்லையில் ஒரு முளைக்குச்சி அடித்துப் பார்க்கட்டும். அதற்குள் அகப்பட்ட இடத்தில் திருத்துழாய்க்கும் வெயில் பற்றாது. செடியை இடம் மாற்றுவதே வழி.

வெயில் இல்லாமையால் ஒரு வகை. வெளிச்சம் மிகுதியால் மற்றொரு வகை. சாமந்தி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். பிராகாரத்தில் அல்லது தெருமுனையில் புதிதாய் நட்ட மின்விளக்கு இரவு முழுதும் அதன்மேல் அடித்தால், அதற்கு இரவே வருவதில்லை. பூ விலை ஏறும் நாளுக்குப் பூப்பைத் தள்ளிப்போட ஓசூர்ப் பக்கத்திலும் கர்நாடகத்திலும் சாமந்தி வயலில் வேண்டுமென்றே விளக்கெரிக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்வதை நாம் அறியாமல் செய்கிறோம். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்திற்குச் சற்று மேல்தான். அவ்வளவு சிறிய மாற்றத்தையும் செடி அளந்துவிடுகிறது.

இவ்வுண்மை வெளிப்பட்ட விதம் சுவையானது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மம்மத் என்றொரு புகையிலை வகை, கோடைகாலம் முழுதும் பத்தடிக்கு மேல் ஓங்கி வளர்ந்தும் பூக்காமலே நின்றது. கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் உரம், நீர், குளிர் எல்லாவற்றையும் ஆராய்ந்து அலுத்தபின், அதைப் பிற்பகலில் இருட்டறைக்குள் வைத்து மறுநாள் காலையில் வெளியே எடுத்தார்கள். பூத்துவிட்டது. 1920-இல் இதனை வெளியிட்டார்கள். நாளின் நீளத்தை உணர்வது இலை, பூப்பது நுனி. ஆகவே இலையிலிருந்து நுனிக்கு ஏதோவொரு தூது செல்கிறது என்று 1937-இல் ரஷ்ய தேசத்து சைலக்கியான் கூறி, அதற்கு 'ஃப்ளோரிஜென்' என்று பெயரும் வைத்தார். அந்தத் தூது இன்ன புரதம் என்று தெளிய 2007 வரை எழுபது ஆண்டு ஆயிற்று. மல்லிகையை இந்தக் கணக்கில் சேர்த்து விளக்கை அணைக்க வேண்டாம். இது சாமந்தி போன்றவற்றுக்கே.

ரோஜா வளர்ப்போர்க்கு ஒரு சொல். ஒட்டுக்கட்டிய ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே, காட்டு ரோஜாவின் அடித்தண்டிலிருந்து கிளம்பும் துளிர் மிக வேகமாய் வளரும். அது செழிப்பென்று மகிழ்ந்து விட்டுவைத்தால் மேலிருக்கும் நல்ல ரகம் பட்டுப்போய், பூவற்ற முட்புதர் மிஞ்சும். ஒட்டுக்குக் கீழ் வருவதை அன்றன்றே வேரோடு கிள்ளிவிடுக.

செண்பகத்தில் பிழை நம் அவசரத்தினுடையது. ஒட்டுச் செடி இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கும். விதையிலிருந்து வந்தது எட்டு, பத்து வருஷமும் எடுக்கும். அதுவரை அது பாலப்பருவம். எந்த உரமும் அதைக் குறைக்காது. ஐந்தாம் வருஷம் கோடாலியுடன் நிற்பவர், அது ஒட்டா விதையா என்று செடி வாங்கிய இடத்தில் விசாரித்துவிட்டுக் கையோங்கட்டும்.

இத்தனையில் தம் செடிக்கு எது என்று எப்படி அறிவது? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எதனால் பூத்தது என்று தெரியாமல் போகும். மல்லிகையாயின் இவ்வாறு செய்யலாம். இப்போதே எருவையும் யூரியாவையும் நிறுத்துக. தண்ணீரை மேல்மண் காய்ந்தபின் மட்டும் விடுக. வாய்க்கால் நேரே பாத்தியில் வந்து முடிகிறதென்றால் வேறு பக்கம் திருப்புக. கார்த்திகையில் சொன்ன உயரத்தில் வெட்டி, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மேலோங்கிய உரத்தை ஒருமுறை கொடுக்க. வெட்டிய நாளைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்து, மாசி முடிவில் துளிர் நுனிகளைப் பாருங்கள். பங்குனியில் முதல் மொட்டுகள் தெரிந்தால் விடியுமுன் பறிக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். குண்டுமல்லி அன்று மாலையே விரிந்துவிடும். அப்போதும் நுனியில் இலையே வருமானால் எருக்கூடையைத் தொட வேண்டாம். தென்புறத்து மதிலைப் போய்ப் பாருங்கள்.